பார்ப்போர் கூட்டமும் பழகுவோர் கூட்டமும்

கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும். இன்று எவரும் படம் பிடிக்கலாம். பிடித்த படத்தை அரை நிமிடத்தில் துபாயில் இருக்கும் அத்தை மகனுக்கு அனுப்பியும் விடலாம். இதை ஒரு வியப்பாக எழுதும் காலம் கடந்துவிட்டது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக நம் கல்லூரிக்குப் பேருந்தில் வருகிற மாணவ மாணவியர் குனிந்த தலை நிமிராமல் வருவது நாணத்தினால் அன்று என்பதை ஆசிரியப் பெருமக்களும் அறிவார்கள்.

கைப்பேசியில் எடுத்துப் பரிமாறப்படும் காணொளிகளைச் சுற்றிப் புதிய சமூகங்கள் தோன்றுகின்றன என்று நாளேடுகள் எழுதுகின்றன, மேடைகளிலும் பேசுகிறார்கள். 'இணையச் சமூகம்' என்ற சொல் அன்றாட வழக்காகிவிட்டது. ஆனால் பத்து லட்சம் பேர் ஒரு படத்தைப் பார்த்தால், அந்தப் பத்து லட்சம் பேரும் ஒரு சமூகமாகி விடுவார்களா? தேர் பார்க்கக் கூடுகிற கூட்டமும், தேர்வடம் பிடிக்கிற ஊரும் ஒன்றா? இந்தக் கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் சிறிது வரலாறு. யூடியூபில் ஏறிய முதற் காணொளி 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவில் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று ஏதோ சொல்கிறார். மொத்தம் 19 விநாடி. அடுத்த ஆண்டே, நமக்கு அண்மையிலுள்ள திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. 2014இல் மூடப்படும்வரை அங்கிருந்து கோடிக்கணக்கான கைப்பேசிகள் வெளியேறின. நம் சிற்றூர்களின் அக்காமார்களும் தங்கைமார்களும் கம்பெனிப் பேருந்தில் ஏறிச் சென்று அவற்றை இணைத்துக் கொடுத்தார்கள். ஆயினும் அந்த ஆண்டுகளில் நம் ஊர்களில் காணொளிப் பரிமாற்றம் என்பது, கடைக்காரரிடம் காசு கொடுத்து நினைவட்டையில் பாட்டு ஏற்றிக்கொள்வதோடு நின்றது. கருவி கையில் இருந்தது. கருவியிலிருந்து கருவிக்குப் போகும் வழிதான் விலை மிகுந்ததாக இருந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து, 2017 மார்ச் இறுதிவரை இணையத்தை விலையின்றிக் கொடுத்தது. போட்டியில் மற்ற நிறுவனங்களும் விலையைத் தாழ்த்தின. அதன் பிறகே படம் பார்ப்பவனும் படம் அனுப்புபவனும் ஒரே ஆள் ஆனான்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலில் நடந்த அன்னதானத்தில், பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டார். அவர் தம் மனக்குறையைக் கொட்டிப் பேசிய காணொளி ஒன்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. அந்தப் பேச்சில் அழுகை குறைவு, கேள்விதான் மிகுதி. தன் மக்கள் படிக்கக் கூடாதா, தாங்கள் சமமாக உட்கார்ந்து உண்ணக் கூடாதா என்று அவர் கேட்டதை நாடே பார்த்தது. அம்மாத இறுதியிலேயே அறநிலையத்துறை அமைச்சர் அதே கோயிலில் அவருடன் பந்தியில் அமர்ந்து உண்டார். 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று, அந்நாளில் முதலமைச்சராக இருந்த திரு. மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று, அங்கு வாழும் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் பிற உதவிகளும் வழங்கினார்.

ஒரு சின்னஞ்சிறு திரை அரசாங்கத்தை ஒரு குடியிருப்பின் வாசலுக்கு அழைத்து வந்தது. இதைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம் கேள்வி வேறு. அந்தக் காணொளியைப் பார்த்துக் கொதித்த லட்சக்கணக்கானோர் ஒரு சமூகம் ஆனார்களா? ஆகவில்லை. அவர்களுக்குள் ஒருவரையொருவர் தெரியாது. அடுத்த வாரம் வேறொரு காணொளிக்குப் போய்விட்டார்கள். பூஞ்சேரியில் இருந்த சமூகம் அந்தப் படத்துக்கு முன்பே இருந்தது. பட்டா வேண்டும் என்றும், பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டு நரிக்குறவர்கள் மனுக்களோடு அலைந்தது பல பத்தாண்டுக் கதை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வடிவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. அதற்குக் காரணம் அந்த ஒரு காணொளி என்று சொல்பவர், பழைய மனுக்களைத் தூக்கி நடந்த கால்களை மறந்துவிடுகிறார். காணொளி அங்கே ஒலிபெருக்கியாக உதவியது. ஒலிபெருக்கி கூட்டம் கூட்டும். கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பது அதன் வேலையன்று.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையே உள்ள ஒரு மீனவர் குப்பம் எங்கள் ஊர். அங்கே கடலுக்குப் போகிற அண்ணன்மார்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் இருப்போர் நூற்றுக்குச் சற்று மேல். வெளியார் ஒருவர் அதைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சலித்துப் போவார். விடியுமுன் கரையில் நின்று அலை உடையும் இடத்தை ஒருவர் படம் எடுத்திருப்பார். படம் முழுக்க இருட்டும் இரைச்சலும்தான். இன்னொருவர் படகிலிருந்து தண்ணீரின் நிறத்தைக் காட்டியிருப்பார். மூன்றாமவர் வலையில் வந்த மீனைக் கூடையோடு காட்டி, கரையில் என்ன விலை போகிறது என்று கேட்டிருப்பார். இவற்றில் கதையும் இல்லை, இசையும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்கள் குரலாகவே பதில் அனுப்புவார்கள். "டேய் தம்பி, தண்ணி நெறத்தப் பாருடா. தெண்டி மாறிப்போச்சு. வலைய இப்ப விடாத" என்று என் பெரியப்பா சொன்ன குரல் ஒன்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். தெண்டி, வன்னி என்பன கடல் நீரோட்டங்களுக்கு எங்களவர் இட்ட பெயர்கள்.

அந்த இருட்டுப் படத்தைப் பார்க்கிற நூறு பேருக்கும் அது எந்த இடம், எடுத்தவர் யார், அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும். ஒருவர் எப்போதும் கொஞ்சம் மிகைப்படுத்துவார். அவர் 'பெரிய அலை' என்றால் நடுத்தர அலை என்று பொருள். வேறொருவர் வாயைத் திறந்தால் வீண் போகாது. இந்த அறிவு திரையில் இல்லை, கரையில் இருக்கிறது. குழு அதைக் கரையிலிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அங்கே ஒரு படம் செய்தியாகிறது, செய்தி முடிவாகிறது, முடிவு படகை இறக்குவதும் இறக்காததும் ஆகிறது.

பொருளியல் மாணவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ராபர்ட் ஜென்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் கைப்பேசி வந்ததால் மீன் விலை என்ன ஆயிற்று என்று ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். கைப்பேசி வருமுன் ஒரு கரையில் மத்தி வாங்க ஆளின்றிக் கடலில் கொட்டப்பட்டது. சற்றுத் தொலைவில் இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் திரும்பினார்கள். கைப்பேசி வந்தபின் கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு வெகுவாகக் குறைந்தது, கொட்டுவதும் நின்றது. அது வெறும் பேச்சு. இன்று மீனையே காட்டி விலை பேசலாம். ஆனால் ஆழ்கடலில் இவை எதுவும் உதவாது. கரையை விட்டுச் சில மைல் போனால் கைப்பேசிக் கோபுரத்தின் கை எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் சுழன்றபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் எத்தனையோ குடும்பங்கள் கதறியதை நாம் மறக்க முடியாது.

எங்கள் குழுவில் ஒரு குறை உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. மீன் விற்கும் பெண்கள் அதில் இல்லை. விலையைப் பற்றி எங்கள் அம்மாமார்களுக்குத் தெரிந்ததில் பாதி கூட ஆண்களுக்குத் தெரியாது. திருக்கழுக்குன்றம் சந்தையில் எந்த மீன் எந்தக் கிழமையில் போகும் என்பதை அவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு நல்ல கைப்பேசி இருந்தால் அது அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கிறது. கரையில் பஞ்சாயத்து ஆண்களுடையதாக இருப்பது போலவே கைப்பேசியிலும் ஆகிவிட்டது. கரையின் நல்லதைக் கடன் வாங்கும் குழு, அதன் கோணலையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் நூறு பேருக்கு மேல் போனால் சமூகம் இல்லையா என்று கேட்கலாம். நம் தமிழ்நாட்டிலேயே மறுப்புக்கு ஒரு சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் அவருடைய பேரன்மார்களும் 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். வயல்வெளியில் அடுப்பு மூட்டி அண்டாவில் சமைப்பது, சமைத்ததை முதியோர்க்குப் பரிமாறுவது, இவ்வளவுதான். 2021 ஜனவரியில் திரு. ராகுல் காந்தி அவர்களோடு காளான் பிரியாணி உண்டார். அதே ஆண்டு ஜூலையில் அவர்களுக்கு ஒரு கோடிச் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். தமிழில் அந்த எண்ணை முதலில் தொட்ட சேனல் அதுவே. அப்போது கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சர் நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

ஒரு கோடிப் பேர் ஒருவரையொருவர் அறிய முடியாது. ஆனால் அதே ஆட்கள், அதே வயல், அதே உரத்த குரலில் உப்பையும் மஞ்சளையும் பெயர் சொல்லிப் போடும் முறை, கடைசியில் அதே பந்தி என்று மாறாமல் வருவதால் பார்ப்பவருக்கு அது சொந்தக்காரர் வீடு போல ஆகிவிடுகிறது. கடல் பக்கம் வந்தால் 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற சேனல்கள் இதே வழியில் வளர்ந்தவை. சென்னையில் உட்கார்ந்து மீன்குழம்பு உண்பவர்க்கு அந்த மீன் எப்படி ஏறியது என்று காட்டியதே அவற்றின் பெருமை. எனினும் இதை நான் முழுச் சமூகம் என்று ஒப்ப மாட்டேன். வீட்டுக்காரரை எல்லோருக்கும் தெரியும்; வந்தவர்கள் ஒருவரையொருவர் அறியார். கல்யாண வீட்டுப் பந்தி போன்றது இது.

இன்னொன்று. யூடியூப் விளம்பரப் பணத்தில் பங்கு தர ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். நீண்ட படங்களானால் ஓராண்டில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். 2018இல் வந்த விதி இது. கணக்கு பார்த்த நேரத்துக்கே தவிர, பழகிய பழக்கத்துக்கு இல்லை. எங்கள் குப்பத்து இருட்டுப் படங்களுக்கு இந்தக் கணக்கில் காலணா பெறாது. நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று தொடங்கினால், ஆமை வலையில் சிக்கியதை விடுவிக்குமுன் படம் எடுக்கும் ஆசை வந்துவிடும்.

பழகுவோர் கூட்டத்தைப் புகழ்ந்து இவ்வளவு எழுதிய பிறகு அதன் ஆபத்தையும் எழுதாவிட்டால் கட்டுரை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போக உறவினரோடு சென்னையிலிருந்து காரில் வந்த 65 வயது மூதாட்டி ஒருவரை ஊர்மக்கள் அடித்தே கொன்றார்கள். அவர் செய்தது, வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தது. குழந்தை கடத்துவோர் ஊருக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்று அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் படங்களும் குரல்களும் பறந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய அத்தகைய காணொளி ஒன்றில், இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முடிவில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தைகளைப் பாதுகாக்கச் சொல்லும் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டார்கள், எஞ்சியது கடத்தல்.

இந்தப் பொய் முன்பின் தெரியாதவர் வழியாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சித்தப்பா அனுப்பினார், மாமா அனுப்பினார், பள்ளித் தோழன் அனுப்பினான். அனுப்பியவர் மேல் வைத்த நம்பிக்கை அப்படியே படத்தின் மேல் ஏறிக்கொண்டது. எங்கள் குழுவில் பெரியப்பாவின் சொல் எடுபடுவதற்கு எது காரணமோ, அதுவே அங்கே உயிர் போகவும் காரணம். வேறுபாடு ஒன்றே: பெரியப்பா தாம் கண்டதைச் சொன்னார்; சித்தப்பா தமக்கு வந்ததை அனுப்பினார். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியானால் ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கு மட்டுமே என்று இன்னும் இறுக்கியது. செய்திகள் பூட்டிய உறைகளாகப் போவதால் உள்ளே இருப்பதை அந்நிறுவனம் படிக்க முடியாது. எனவே போகும் வேகத்தை மட்டும் குறைத்தார்கள். எங்கள் குழுவில் இதற்கு முன்பே ஒரு கட்டுப்பாடு உண்டு. படம் எடுப்பவர் முதலில் தேதியையும் இடத்தையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தேதி சொல்லாத படம் வந்தால், "எங்க, என்னைக்கு?" என்று உடனே பத்துக் குரல் கேட்கும். இந்த விதி பொய்யைத் தடுக்க வந்ததன்று. நேற்றைய அலையை இன்றைய அலை என்று எண்ணி ஒருவர் படகை இறக்கிவிடக் கூடாதே என்று வந்தது.

கடைசியாக நிலத்தின் கேள்வி. நாம் கூடுகிற இடம் யாருடையது? டிக்டாக்கில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடியதையும் பாடியதையும் பலர் எள்ளினார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று அதைத் தடைசெய்யச் சொல்லி இடைக்கால ஆணை பிறப்பித்து, அம்மாதம் 24ஆம் நாள் விலக்கிக்கொண்டது. பிறகு, எல்லைப் பூசலை அடுத்து 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. தடை சரியா தவறா என்பது இங்கே நம் பேச்சன்று. மேடை ஏறத் தெரியாத, ஏற விடப்படாத எத்தனையோ பேர் அங்கே தங்களுக்கென்று பார்வையாளரைச் சேர்த்திருந்தார்கள். ஓரிரு நாளில் மேடை போயிற்று. பார்த்தவர்களின் பட்டியலும் அந்த மேடையோடு போயிற்று. அவர்களைத் திரும்ப அழைக்க முகவரி ஒன்றும் கையில் இல்லை. இதற்கு மாறாகப் பாம்பனில் 2016 ஆகஸ்டு 15 முதல் 'கடல் ஓசை' என்ற சமூக வானொலி 90.4 எஃப்.எம்.மில் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகிறது. அதன் எட்டும் தொலைவு குறைவுதான். ஆனால் நிலையம் அங்கேயே இருக்கிறது, கதவைத் தட்டிக் கேட்கலாம்.

எங்கள் குழுவுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. அதனால் வந்த இழப்பு ஒன்று எங்களைச் சுடுகிறது. எங்கள் கரையைக் கடல் ஆண்டுதோறும் அரித்து வருகிறது. மாதா கோயில் பக்கத்துத் தென்னையிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று, குழுவிலுள்ள ஓர் அண்ணன் அமாவாசைதோறும் நடந்து காட்டிப் படம் எடுத்து அனுப்பி வந்தார். அளவெடுக்க அதிகாரிகள் வந்தபோது அந்தப் படங்களைக் கேட்டோம். அவர் கைப்பேசி கடலில் விழுந்து ஓராண்டு ஆகியிருந்தது. மற்றவர்கள் இடம் போதவில்லை என்று அழித்திருந்தார்கள். சிலர் கைப்பேசியையே மாற்றியிருந்தார்கள். ஊரே பார்த்த படங்களில் நாலைந்தே மிஞ்சின, அவையும் ஒரு பாட்டியின் கைப்பேசியில், அழிக்கத் தெரியாததால். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நானும் என் தோழர்கள் இருவரும் வீடு வீடாகச் சென்று, கேட்டு இசைவு பெற்று, பழைய கைப்பேசிகளிலிருந்து படங்களை ஒரு வன்தட்டில் ஏற்றி வருகிறோம். பெண்கள் கையிலிருக்கும் கைப்பேசிகளைத்தான் முதலில் கேட்கிறோம். இதுவரை பதினேழு வீடுகள் ஆகியிருக்கின்றன. அந்தத் தென்னை சென்ற ஐப்பசியில் விழுந்துவிட்டது. அது நிற்கிற படம் எவரிடமாவது இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.